தோட்டாக் கூட்டின் கொள்ளளவு: தராசு சொல்வதும் தண்ணீர் சொல்வதும்

டெக்சஸில் வேலை பார்க்கும் சேலத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகை ரைபிளில் 600 கஜ தூரத்து இலக்கைச் சுட்டுப் பழகுகிறார். சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்து, மறுபடி மருந்து நிரப்பித் தோட்டாவாக்கிக்கொள்கிறார். கையில் மூன்று தயாரிப்புகளின் கூடுகள் இருக்கின்றன. காலிக் கூட்டின் எடையை வின்செஸ்டர் 157 கிரெயின் (சிறிய எடை அளவு, கணக்கு கீழே வருகிறது), லாப்புவா 172, லேக் சிட்டி ராணுவக் கூடு 180 என்று நிறுத்து வைத்திருக்கிறார். எடை கூடக் கூட உள்ளே இடம் குறைவு என்று அப்படியே எடுத்துக்கொண்டு, எடையை வைத்தே கூடுகளைத் தரம் பிரித்துவிடலாமா? பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சிலவற்றைக் கொண்டுவந்து, செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் வெள்ளிக் கடைத் தராசில் அளக்கலாமா? ராணுவக் கூடு என்றாலே தடித்தது என்கிறார்களே, உண்மையா? இவைதான் அவருடைய கேள்விகள்.

நடுக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதற்குத்தான் அவசரம். கொண்டுவராதீர்கள் தம்பி. சுட்டு முடித்த ஒரே ஒரு காலிக் கூடுகூட வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வரையறை முழுத் தோட்டாவோடு நிற்பதில்லை, தோட்டாவின் பாகங்களையும் தொடுகிறது. பையின் மூலையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக விமான நிலையத்திலேயே வழக்குப் பதிவாகி, தெரியாமல் வந்துவிட்டது என்று உயர் நீதிமன்றம் வரை போய் நிரூபித்து மீண்டவர்கள் இந்த நாட்டில் உண்டு. நீங்களோ தெரிந்தே கொண்டுவருகிறேன் என்கிறீர்கள்! உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் இங்கே குற்றம். ஆகவே நான் கீழே எழுதுவதெல்லாம் நீங்கள் இருக்கும் ஊரில், அந்த ஊர்ச் சட்டத்துக்கு உட்பட்டு, அங்கேயே செய்து பார்ப்பதற்கு. அப்பாவின் தராசுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன், பின்னால் வருகிறது.

தராசுகளைச் சரிபார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. இடையில் சில ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்தபோது ரைபிளும் பழகினேன். இப்போது ஏற்காட்டில் இருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியைத் துப்பாக்கிக்காரன் பார்வையில் பாதியும் எடைக்காரன் பார்வையில் பாதியும்தான் என்னால் பார்க்க முடியும்.

எடையை வைத்து இடத்தைக் கணிக்கலாம் என்ற எண்ணம் முட்டாள்தனமானது அல்ல, அதற்கு நல்ல அடிப்படை இருக்கிறது. தோட்டாக் கூட்டுப் பித்தளை நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. ஒரு கன சென்டிமீட்டர் பித்தளை ஏறக்குறைய 8.53 கிராம் இருக்கும். ஒரே ரைபிளில் சுட்ட இரண்டு கூடுகள் அந்த ரைபிளின் சேம்பர், அதாவது தோட்டா அமரும் அறையின், சுவரில் அழுந்தி விரிந்து, வெளி வடிவத்தில் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. வெளி அளவு ஒன்று என்றால், ஒன்றில் கூடுதலாக இருக்கும் பித்தளை உள்பக்கம் வளர்ந்துதானே இருக்க வேண்டும்? கூட்டின் உள்ளிடத்தை அது கொள்ளும் தண்ணீரின் எடையால் சொல்வது வழக்கம். அப்படியானால் 8.53 கிரெயின் பித்தளை கூடினால் ஒரு கிரெயின் தண்ணீருக்கான இடம் குறைய வேண்டும். உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். வின்செஸ்டருக்கும் லாப்புவாவுக்கும் 15 கிரெயின் வித்தியாசம், அதாவது உள்ளே ஏறத்தாழ 1.8 கிரெயின் தண்ணீர். லாப்புவாவுக்கும் லேக் சிட்டிக்கும் 8 கிரெயின், அதாவது சுமார் 0.9. இரு முனைகளுக்கும் இடையே 2.7 கிரெயின். .308 கூடு விளிம்பு வரை சுமார் 56 கிரெயின் தண்ணீர் கொள்ளும் என்பதால் இது நூற்றுக்கு ஐந்து பங்கு. அலட்சியம் செய்யக்கூடிய அளவல்ல.

கிரெயின் என்றதும் இங்குள்ளவர்கள் விழிப்பார்கள் என்பதால் ஒரு வரி: 7,000 கிரெயின் ஒரு பவுண்டு, ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின், ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். உங்கள் அப்பா 'மில்லி'யிலேயே கணக்குப் போடுவார், அவரிடம் 65 மில்லி என்று சொன்னால் போதும்.

மூன்று தயாரிப்புகளை மொத்தமாக ஒப்பிட்டு, எதில் இடம் அதிகம் என்று வரிசைப்படுத்த மட்டும் என்றால் எடை பெரும்பாலும் சரியான திசையைத்தான் காட்டும். .308இல் வின்செஸ்டர் கூடு மெலிந்தது, லாப்புவா நடுத்தரம், லேக் சிட்டி கனமானது என்பது பலரும் கண்டது, உங்கள் தராசும் அதையே சொல்கிறது. சிக்கல் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. ஒரே தயாரிப்பின் நூறு கூடுகளை எடுத்து 171.2, 171.9, 172.6 என்று எடை வாரியாகக் குவியல் போட்டு, 'இந்தக் குவியலில் கொள்ளளவு ஒன்று' என்று நம்பினால், அந்த நம்பிக்கைக்குப் பித்தளை துணை நிற்பதில்லை.

காரணம், எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் தராசு சொல்லாது. கூட்டின் அடியில் இருக்கும் விளிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். .308இல் அதன் விட்டம் 12 மில்லிமீட்டர். அந்த விளிம்பு ஒரு கூட்டில் 0.1 மில்லிமீட்டர் மட்டும் தடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணக்கிட்டால் 96 மில்லிகிராம் பித்தளை, அதாவது சுமார் 1.5 கிரெயின் கூடுகிறது. கூட்டின் உள்ளே ஒரு துளி இடமும் குறையவில்லை, தடித்தது முழுக்க வெளியே. ஆனால் எடையை நம்பியவர் 'இதில் 0.17 கிரெயின் தண்ணீர் குறைவு' என்று எழுதி வேறு பெட்டியில் போட்டுவிடுவார். விளிம்புக்கு மேலே, காலிக் கூட்டை இழுத்து வெளியேற்றும் கொக்கி பற்றுவதற்கென்று கடைந்திருக்கும் பள்ளம் இருக்கிறது. கடைசல் ஆழம் சற்று மாறினாலும் இதே கதைதான். கூட்டின் நீளம் எதிர்ப்பக்கம் ஏமாற்றும். கழுத்து 0.25 மில்லிமீட்டர் நீண்ட கூட்டில் எடை ஏறுவது வெறும் 20 மில்லிகிராம் அளவுக்குத்தான், ஆனால் விளிம்பு வரை நிரப்பினால் தண்ணீர் 0.18 கிரெயின் அதிகம் பிடிக்கும். எடை கூடியிருக்கிறது, கொள்ளளவும் கூடியிருக்கிறது, விதிக்கு நேர் எதிர். ஒரே லாட்டுக்குள், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதிக்குள், கொள்ளளவில் நாம் தேடும் வித்தியாசமே ஒரு கிரெயினில் பத்தில் இரண்டு மூன்று பங்குதான். தேடுகிற பொருளும் தொந்தரவும் ஒரே பருமனில் இருக்கும்போது எடைக் குவியல்கள் மன ஆறுதலுக்கு மட்டுமே உதவும்.

இங்கேதான் அப்பாவின் கடைக்கு வருகிறோம். பொங்கலுக்கு வரும்போது ஒரே அச்சில் வார்த்தது போலத் தோன்றும் இரண்டு வெள்ளிக் குங்குமச் சிமிழ்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காலியாக நிறுத்து எழுதுங்கள். பிறகு விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறுங்கள். கழித்தால் வருவது உள்ளிடம். வெள்ளியின் அடர்த்தி 10.49. எடை வித்தியாசத்தை அதனால் வகுத்து வரும் எண்ணையும், தண்ணீர் சொன்ன எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒட்டாது. ஒன்றில் அடிப்பட்டை தடித்திருக்கும், இன்னொன்றில் வேலைப்பாடு வெளியே எழும்பியிருக்கும், பற்றாசு எங்கே எவ்வளவு இறங்கியது என்பது பத்தருக்கே தெரியாது. விமான நிலையத்தில் யாரும் தடுக்காத பயிற்சி இது. டெக்சஸுக்குத் திரும்பும்போது கை பழகியிருக்கும். கொலுசுக் கடைத் தராசு பெரும்பாலும் 10 மில்லிகிராம் படியில் காட்டும், அது 0.15 கிரெயின். தயாரிப்புக்குத் தயாரிப்பு ஒப்பிட அதுவே தாராளம். லாட்டுக்குள் பிரிக்க ஒரு மில்லிகிராம் காட்டும் தங்கத் தராசு வேண்டும். ரீலோடிங், அதாவது கூட்டில் மறுபடி மருந்து நிரப்பும் வேலை, செய்பவர்கள் வைத்திருக்கும் மருந்துத் தராசு 0.1 கிரெயின், அதாவது ஆறரை மில்லிகிராம் படி. நடுத்தரம். அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இனித் தண்ணீர் முறை. கேட்டால் ஒரே வரிதான், செய்தால்தான் நுணுக்கம் தெரியும்.

உங்கள் ரைபிளில் சுட்ட கூடாக இருக்க வேண்டும். விரிந்த கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சில் (டை) இன்னும் போட்டிருக்கக் கூடாது. மைதானத்தில் பொறுக்கியது வேறொருவர் சேம்பரில் விரிந்தது, இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட ராணுவக் கூடோ இன்னும் தாராளமாக விரிந்திருக்கும். அவற்றை உங்கள் கூடுகளோடு சேர்த்து அளந்தால் நீங்கள் ஒப்பிடுவது கூடுகளை அல்ல, துப்பாக்கிகளை. எல்லாத் தயாரிப்பையும் ஒரு தடவை உங்கள் ரைபிளில் சுட்டுவிட்டு, பிறகு அளவெடுப்பதே முறை. வெடித்து முடிந்த பழைய பிரைமரை (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) கழற்றாமல் அப்படியே விடுங்கள், அதுதான் அடைப்பு. அது சுட்டுத் தீர்ந்ததுதான் என்பதை ஒவ்வொன்றிலும் ஊசி பதிந்த தடத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லாக் கூடுகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டிச் சமப்படுத்துங்கள். உள்ளே படிந்த கரியைத் துடைத்துக் காயவைத்து, காலியாக நிறுத்து எழுதுங்கள்.

பிறகு சொட்டு மருந்துக் குழாயாலோ ஊசிபோடும் சிரிஞ்சாலோ தண்ணீரை அடியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால், கழுத்துக்குக் கீழே சரியும் தோள் பகுதியில் காற்று மாட்டிக்கொள்ளும். மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குமிழ் 14 மில்லிகிராம் தண்ணீரைத் தின்றுவிடும், அது 0.22 கிரெயின். கூட்டைப் பக்கவாட்டில் விரலால் தட்டி, மெல்லிய கம்பியால் உள்சுவரை ஒருமுறை வருடினால் குமிழ்கள் மேலே வந்துவிடும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு துளி கலந்தால் இன்னும் சுலபம்.

கடைசியில் வாய். இங்குதான் இருவர் அளந்தால் இரண்டு விடை வருகிறது. தண்ணீர் விளிம்புக்கு மேலே குமிழாக எழும்பி நிற்கும். அரை மில்லிமீட்டர் எழும்பினால் 0.19 கிரெயின் கூடுதல். கண்ணால் பார்த்து 'சமமாக இருக்கிறது' என்று முடிவு செய்வதை விட, ஒரு சின்னத் தட்டையான பிளாஸ்டிக் துண்டை வாயின் மேல் வழுக்கி நகர்த்தி மிச்சத்தை வழித்து எடுத்துவிட்டு, வெளிச்சுவரில் வழிந்ததைத் துடைத்து நிறுப்பது நல்லது. முழுச் சமம் என்பது கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். எல்லாக் கூட்டிலும் ஒரே கை, ஒரே பழக்கம் இருந்தால் பிழை எல்லாவற்றிலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, கழிக்கும்போது போய்விடும். நேற்று ஐந்து, இன்று ஐந்து என்று பிரித்து அளக்காமல் ஒரே அமர்வில் முடியுங்கள். ஒவ்வொரு தயாரிப்பிலும் பத்துக் கூடு போதும். சராசரியை மட்டும் எழுதாமல், மிகக் குறைந்ததும் மிக அதிகமும் எவ்வளவு என்பதையும் எழுதிவையுங்கள். எனக்கு அந்த இடைவெளிதான் சராசரியை விட முக்கியம்.

தண்ணீரின் சூடு பற்றி யாரும் கேட்பதில்லை, நான் சொல்லாமல் விடமாட்டேன். 20 டிகிரியில் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் 0.9982 கிராம், 35 டிகிரியில் 0.9940. ஏற்காட்டு வீட்டில் பானையில் வைத்த தண்ணீரால் அளந்த .308 கூட்டைச் சித்திரை மாதத்தில் சேலத்துக்கு இறக்கி, தொட்டித் தண்ணீரால் அளந்தால் 0.23 கிரெயின் குறைவாகக் காட்டும். கூடு மாறவில்லை, தண்ணீர் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஹூஸ்டனில் ஒருவர் கோடையில் அளந்ததையும் மினசோட்டாவில் ஒருவர் குளிர்காலத்தில் அளந்ததையும் பக்கத்தில் வைத்து 'இந்த லாட் மாறிவிட்டது' என்று சண்டை போடுவதில் பாதி இந்தக் காரணத்தால்தான் என்பது என் சந்தேகம். உப்பு அதற்கு முன் ஒன்றுமில்லை. நம்மூர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கரைந்திருந்தாலும் 0.04 கிரெயின்தான் ஏறும். காய்ந்த பிறகு வெள்ளைப் படிவம் விடும் என்பதற்காக மட்டும் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலை ஏறினால் தராசு மாறுமா என்றால், மின்னணுத் தராசு மாறும். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் 280 மீட்டர் அளவில், ஏற்காடு 1,500 மீட்டர் அளவில் இருக்கின்றன. அந்த உயரத்தில் புவியீர்ப்பு சற்றே தளர்ந்து, கீழே சரிபார்த்த தராசு மேலே 100 கிராமுக்கு முப்பது மில்லிகிராம் போலக் குறைத்துக் காட்டும். சேர்வராயன் மலை மேல் வெள்ளி வியாபாரம் செய்பவர் கவலைப்பட வேண்டிய விஷயம் இது. மூன்றரை கிராம் தண்ணீரை நிறுக்கும் உங்களுக்கு ஒரு மில்லிகிராம்தான் தவறும். இரு தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லையே இல்லை, படிக்கல்லும் சேர்ந்து இளைத்துவிடும்.

தண்ணீருக்குப் பதில் மெல்லிய உருண்டை மருந்தையோ பொடி மணலையோ நிரப்பி அளப்பவர்கள் உண்டு. கூடு நனையாது என்பது அவர்கள் வாதம். ஜவ்வரிசியைப் படியில் அளப்பவரிடம் கேளுங்கள், தட்டி அளந்த படிக்கும் தட்டாமல் அளந்த படிக்கும் எத்தனை கைப்பிடி வித்தியாசம் என்று. மணி மணியான பொருள் எதுவானாலும் அதே கதிதான். நனைந்த கூட்டை வெயிலில் காயவைத்தால் போயிற்று. அடுப்பிலோ சூடான அடுமனைப் பெட்டியிலோ மட்டும் வைக்காதீர்கள். பித்தளை அதிகச் சூட்டில் இளகிவிடும். கூட்டின் அடிப்பகுதி இளகினால் அது அழுத்தத்தைத் தாங்காது, அந்தக் கூடு ஆபத்தானது.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த எண் எதற்கு? சுடும்போது மருந்து எரிந்து வாயுவாகும் அறையே கூட்டின் உள்ளிடம்தான். அதே அளவு மருந்து, சின்ன அறை என்றால் அழுத்தம் ஏறும். புகையில்லா மருந்துக்கு இன்னொரு குணம் உண்டு. அழுத்தம் ஏற ஏற அது வேகமாக எரியும், வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். அதனால் இடத்தில் வரும் சின்னக் குறைவு அழுத்தத்தில் சின்னதாகவே நின்றுவிடுவதில்லை. .308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. வின்செஸ்டர் கூட்டில் உச்சத்துக்குப் பக்கத்தில் பாதுகாப்பாக இருந்த அளவை அப்படியே லேக் சிட்டிக் கூட்டில் போட்டால் எல்லை தாண்டிவிடலாம். இதனால்தான் அச்சிட்ட ரீலோடிங் கையேடுகள் எந்தத் தயாரிப்புக் கூட்டில் சோதித்தோம் என்பதைச் சேர்த்துப் போடுகின்றன. அந்த வரியைத் தாண்டிக் குதித்து நேராக மருந்து எடைக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். கூடு மாறினால், கையேட்டின் ஆரம்ப அளவிலிருந்து திரும்ப ஏறிவர வேண்டும். கொள்ளளவு எண்ணை வைத்து மருந்தை இவ்வளவு குறைக்கலாம் என்று மனக்கணக்குப் போடுவது இதற்குப் பதில் ஆகாது. தட்டையாகிப்போன பிரைமர், தூக்க முடியாமல் இறுகும் போல்ட் (சேம்பரை மூடும் தாழ்) எல்லாம் எச்சரிக்கைகள்தான், ஆனால் அவை தாமதமாக வரும் எச்சரிக்கைகள்.

விளிம்பு வரை அளந்த கொள்ளளவு முழுவதும் மருந்துக்குக் கிடைப்பதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. குண்டின் வால் உள்ளே இறங்கி இடத்தை அடைக்கிறது. .308 குண்டின் விட்டம் 7.82 மில்லிமீட்டர், குறுக்குவெட்டு 48 சதுர மில்லிமீட்டர். குண்டை ஒரு மில்லிமீட்டர் ஆழமாக இறக்கினால் 48 மில்லிகிராம் தண்ணீருக்கான இடம், முக்கால் கிரெயின், போய்விடும். லாப்புவாவுக்கும் லேக் சிட்டிக்கும் எடைக்கணக்கில் வந்த 0.9 கிரெயின் வித்தியாசத்தை ஒன்றேகால் மில்லிமீட்டர் ஆழம் சாப்பிட்டுவிடுகிறது. நீளமான குண்டுக்கு மாறிவிட்டுக் கூட்டைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. தயாரிப்புகளை ஒப்பிடும்போது குண்டும் ஆழமும் ஒன்றாக இருக்கட்டும்.

இடம் அதிகமுள்ள கூட்டுக்கு என்ன லாபம்? அழுத்தத்தை ஒரே எல்லையில் வைத்துப் பார்த்தால், கொள்ளளவு நான்கு சதவீதம் கூடினால் வேகம் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும் என்பது பழைய கைவிதி. 56இல் ஒரு கிரெயின் என்பது 1.8 சதவீதம், வேகத்தில் அரை சதவீதத்துக்கும் குறைவு. நொடிக்கு 2,650 அடி வேகத்தில் பன்னிரண்டு அடி. இதற்காகக் கூடு மாற்றுவது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படுகிறது. பெரிய கொள்ளளவு வேண்டும் என்றால் .308இன் மூத்த சகோதரமான 1906ஆம் ஆண்டு .30-06 இருக்கிறது, அது 68 கிரெயின் அளவில் பிடிக்கும். ஒரே கூட்டு வகைக்குள் மில்லிகிராம் துரத்திப் பயனில்லை.

600 கஜத்தில் உங்களைக் கெடுப்பது கொள்ளளவு குறைவாக இருப்பது அல்ல, ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் அது மாறுவது. மூன்று தயாரிப்புகளையும் கலந்து ஒரே மருந்து அளவில் சுட்டால் இலக்குத் தாளில் துளைகள் மேலும் கீழுமாகப் பரவும், அதைக் காற்றின் மேல் பழி போட முடியாது, காற்று பெரும்பாலும் பக்கவாட்டில்தான் தள்ளும். ஆகவே என் கருத்து: கூட்டின் அடியில் பொறித்திருக்கும் அடிமுத்திரையைப் பார்த்துத் தயாரிப்பு வாரியாகவும், முடிந்தால் லாட் வாரியாகவும் பிரித்துவிடுங்கள். அந்த ஒரு வேலையே கிடைக்கக்கூடிய பலனில் பெரும் பங்கைக் கொடுத்துவிடும். லாட்டுக்குள் எடையை வைத்து மேலும் பிரிக்காதீர்கள். கூட்டத்திலிருந்து எட்டி நிற்கும் ஒன்றிரண்டை மட்டும், மற்றவை 172க்குப் பக்கத்தில் இருக்க 177 காட்டுவது போன்றதை, எடுத்து ஓரம் வையுங்கள். போட்டிக்கு லாப்புவா. அதன் சிறப்பு கொள்ளளவில் இல்லை. பத்தை அளந்தால் எண்கள் நெருங்கி நிற்கும், பலமுறை சுட்டாலும் பிரைமர் குழி தளராது. விலைதான் வலிக்கும். வின்செஸ்டர் பயிற்சிக்கு.

கடைசிக் கேள்வி, ராணுவக் கூடு. 7.62×51 நேட்டோவைப் பொறுத்தவரை நீங்கள் கேள்விப்பட்டது சரி. .308 வின்செஸ்டர் 1952இல் விற்பனைக்கு வந்தது, அதன் ராணுவ உருவத்தை நேட்டோ 1954இல் ஏற்றுக்கொண்டது. ராணுவக் கூடு பொதுவாகக் கனம், உள்ளிடம் குறைவு. இதைக் கேட்டுப் பழகியவர்கள் 5.56க்கும் (.223 தோட்டாவின் ராணுவ உருவம்) அதே விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்துகிறார்கள், அங்கே அது பொய்த்துப்போகிறது. லேக் சிட்டி 5.56 கூட்டைத் தண்ணீரில் அளந்தால் பல கடைத் தயாரிப்பு .223 கூடுகளுக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோதான் பிடிக்கும், எடையிலும் ஒன்றும் பெரிய கனம் இல்லை. 'ராணுவம் என்றால் தடிப்பு' என்பது ஒரு தோட்டாவில் கண்ட உண்மை, எல்லாவற்றுக்கும் விதியாகாது. உங்கள் நண்பர்களில் யாராவது .223 சுட்டால் அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள், அவர்கள் கூட்டையும் அளந்து பார்த்த பிறகே பேசட்டும்.

உங்கள் லேக் சிட்டி கூடுகளில் பிரைமரைச் சுற்றி ஒரு வளையம் அழுந்தியிருக்கும், ராணுவத்தில் பிரைமர் கழன்று வராமலிருக்க அப்படி இறுக்கியிருப்பார்கள். தண்ணீரில் அளந்து முடித்துப் பிரைமரைக் கழற்றிய பிறகு அந்த வளையத்தைச் சீவியோ அழுத்தியோ நீக்காமல் புதுப் பிரைமரை ஏற்ற முயலாதீர்கள், நசுங்கும். சீவும்போது பித்தளை கொஞ்சம் போகும், எடை குறையும். அந்த எடையை மறுபடி நிறுத்து, கொள்ளளவு கூடிவிட்டது என்று எனக்கு எழுதமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.